வேகவதி: தண்ணீரே இல்லாத ஆற்றில் வெள்ளம் மட்டும் எப்படி வருகிறது?

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர்களில் பலரும் வேகவதியைக் கடந்திருப்பார்கள். ஆனால், அது ஆறு என்று தெரிந்திருக்காது. புதர், குப்பை, நடுவில் கறுப்பாக ஒரு கோடு. 'ஏதோ கழிவுநீர்க் கால்வாய் போல' என்று நினைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதே 'கால்வாய்'தான் 2015-லும் 2021-லும் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது.

அதெப்படி?

வேகவதி மலையில் பிறந்து ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி தாமல் ஏரி இருக்கிறது. அந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழியாக வழியும் உபரி நீர்தான் வேகவதி. ஏரி நிரம்பாத வருஷம் ஆறும் கிடையாது. வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கினால், ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, மொத்தத் தண்ணீரும் இந்த ஒரே வழியில் இறங்கும். அதனால் வந்தால் மொத்தமாக வரும், இல்லையென்றால் சுத்தமாக வராது.

பெயரிலேயே வேகம் இருக்கிறது, கவனித்தீர்களா? தன்னை விட்டுவிட்டு பிரம்மா யாகம் செய்த கோபத்தில் சரஸ்வதியே ஆறாகப் பாய்ந்து வந்தாள், பெருமாள் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தார் என்பது திருவெஃகா யதோக்தகாரி கோயிலின் தலபுராணம். வேதாந்த தேசிகர் இந்தப் பெருமாள்மீது பாடிய துதியின் பெயரே 'வேகாசேது ஸ்தோத்திரம்'. சேது என்றால் அணை. ஊரை அடித்துப்போகும் அளவுக்கு இந்த ஆற்றில் ஒரு காலத்தில் தண்ணீர் வந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

ஊரைத் தாண்டிய வேகவதி தென்கிழக்கே போய், பழையசீவரத்துக்கு எதிரே உள்ள திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. செய்யாறும் அங்கேதான் வந்து சேரும், ஊர்ப் பெயருக்கும் அதுதான் காரணம். வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11-ம் நூற்றாண்டிலேயே, 15 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை நடந்ததாகக் கல்வெட்டு சொல்லும் கோயில் இங்கேதான் இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காக இந்தக் கரைக்கு வருவார்.

பிரச்னை எல்லாம் ஊருக்குள்தான். பல வருஷம் தண்ணீர் வராத இடம் காலிமனை மாதிரிதான் தெரியும். தாயார்குளம், திருக்காலிமேடு பகுதிகளில் கரையில் ஏறிய வீடுகள் மெல்ல படுகைக்கே இறங்கிவிட்டன. போதாக்குறைக்கு வீட்டுக் கழிவும், பட்டுநூல் சாயக்கழிவும். ஆறு குறுகிவிட்டது, மழையின் அளவு குறையவில்லையே!

2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்கிரமிப்பு வீடுகள் கணக்கெடுக்கப்பட்டன. மாற்றாக கீழ்க்கதிர்ப்பூரில் 2,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. 'வீடு கொடுத்தாச்சே, போக வேண்டியதுதானே?' என்று கேட்பது சுலபம். ஆனால், குழித்தறி போட்டுப் பட்டு நெய்யும் குடும்பம் என்ன செய்யும்? நெசவாளி கால் வைத்து மிதிக்கத் தரையில் குழி வேண்டும். மூன்றாவது மாடியில் எங்கே குழி தோண்டுவது?