மாநகரில் ஒரு நாள்

“சென்னைக்குச் சென்று வந்தேன்” என்று கூறுவார் பலர். ஆங்குக் கண்டது யாது என்று வினவினால், இரயிலடியையும் கடற்கரையையும் துணிக்கடைத் தெருவையும் சொல்லி நிறுத்துவர். அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவர் நிலை இன்னும் வியப்பிற்குரியது. அவர்கள் நாள்தோறும் எழும்பூர் வழியே செல்வர். அங்குள்ள அருங்காட்சியகத்தின் சிவந்த கட்டடங்களையும் காண்பர். ஆனால் உள்ளே நுழைந்தது எப்போது என்று கேட்டால், பள்ளிப் பருவத்தில் ஆசிரியர் வரிசையாக அழைத்துச் சென்ற அந்த ஒரு நாளையே நினைவுகூர்வர். வீட்டுக் கிணற்று நீரைத் தீர்த்தம் என்று எவரும் எண்ணுவதில்லை அன்றோ?

மாணவர்களே! மாநகரம் என்பது ஒரு பெரும்பந்தி. நாவிற்கு உணவுச்சாலைகள் உள; கண்ணிற்கு அருங்காட்சியகங்கள் உள; செவிக்கு இசையரங்குகள் உள. அப்பந்தியில் தனியே அமர்வதினும், உற்றாரோடும் நண்பரோடும் கூடி அமர்வதே இன்பம் தருவது. ஆயின், அவ்வாறு கூடி அமர்தல் நாம் எண்ணுவது போல எளிதிற் கிட்டிய பேறு அன்று. அதனை நான் நன்கு உணர்ந்த ஒரு நாளைப் பற்றி ஈண்டு எழுதுகின்றேன்.

அது மார்கழி மாதம். மகள் வீட்டில் தங்கியிருந்த நான், என் தமக்கையாரையும், பேரன் பேத்தி இருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். என்னோடு ஒரே பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரும் தஞ்சையிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். காலையில் அருங்காட்சியகம், நண்பகலில் உணவு, மாலையில் இசை என்பது எங்கள் திட்டம்.

அருங்காட்சியகம் அமைந்துள்ள சாலைக்குப் பாந்தியன் சாலை என்று பெயர். அதனைப் பாண்டியன் சாலை என்று படித்து மகிழ்ந்துவிடாதீர்கள். தமிழாசிரியனாகிய நானே இளமையில் அவ்வாறு ஏமாந்ததுண்டு. அப்பெயர் ஆங்கிலேயர் இட்டது. 1778இல் கும்பினி அரசினர் அங்கே 43 ஏக்கர் நிலத்தைத் தம் அலுவலர் ஒருவர்க்கு வழங்கினர். 1793இல் அவர் அதனை, நகரின் பொதுக் கேளிக்கைகளை நடத்தி வந்த இருபத்துநால்வர் குழுவிடம் ஒப்படைத்தார். அங்கிருந்த மாளிகையே பாந்தியன் எனப்பட்டது. விருந்தும் நடனமும் நாடகமும் அதனுள் நிகழ்ந்தன. எனினும் அவை நகரத்து ஐரோப்பியர்க்கு உரிய கேளிக்கைகள். ஊர்மக்களுக்கு உரியன அல்ல. 1821இல் அம்மாளிகை ஓர் ஆர்மீனிய வணிகர் கைக்கு மாறிற்று. 1830இல் மீண்டும் அரசினரிடம் வந்து சேர்ந்தது.

1851இல் நுங்கம்பாக்கத்தில், கல்லூரி என்று வழங்கிய கட்டடம் ஒன்றில் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகம் 1854இல் இவ்விடத்திற்குக் குடிபெயர்ந்தது. அதன் முதல் தலைவர் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர். மக்களை உள்ளே வரவழைக்க அவர் உயிருள்ள விலங்குகளையும் அங்கே வைத்துக் காத்தார். அவ்விலங்குகள் பெருகிப் பின்னர்த் தனி விலங்குக் காட்சிச்சாலை ஆயின. சென்னை மக்கள் இவ்விரண்டிற்கும் தாமே பெயர் சூட்டிக்கொண்டனர். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் உள்ள இடம் ‘செத்த காலேஜ்’. விலங்குகள் உலவும் இடம் ‘உயிர் காலேஜ்’. இலக்கண நூலார் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும், இதனினும் தெளிவாக எவரும் பெயரிட்டிருக்க இயலாது. உயிர் காலேஜ் 1985இல் வண்டலூருக்குச் சென்றுவிட்டது. செத்த காலேஜ் இன்றும் எழும்பூரிலேயே இருக்கின்றது.

அதனுள் உள்ள அனைத்தையும் ஒரே நாளிற் பார்க்க முயல்வோர் ஒன்றையும் பாரார். ஆகவே நாங்கள் மூன்று பகுதிகளை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். திமிங்கிலத்தின் மாபெரும் எலும்புக்கூட்டைக் காணாமல் போவதா என்று பேரன் முறையிட்டான். அது பிறிதொரு நாளைக்கு என்று அவனைத் தேற்றினேன்.

முதலில் செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்திற்குச் சென்றோம். வாயிலிலேயே என் தமக்கையார் காலணியைக் கழற்றிவிட்டார். திருவாலங்காட்டு நடராசர் முன் கைகூப்பி நின்றார். புகைப்படங்களைக் கண்ட அளவிலேயே பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோடின் உள்ளம் உருகிக் கட்டுரை எழுதியது இந்தத் திருமேனியை எண்ணியே. அக்கட்டுரை 1921இல் வெளிவந்தது. “தாத்தா, இது கோயிலா, பள்ளிக்கூடமா?” என்று பேரன் கேட்டான். நான் விடை தேடிக்கொண்டிருந்தேன். ஓவிய ஆசிரியர் அவனிடம், “கோயிலில் சுவாமிக்குப் பட்டும் மாலையும் சாத்தியிருப்பார்கள்; முகம் மட்டுமே தெரியும். இங்கே சிற்பி செய்த தோளும் இடையும் விரலும் முழுமையாகத் தெரிகின்றன. அங்கே வணங்கு, இங்கே உற்றுப் பார்” என்றார். என் தமக்கையார் இரண்டையும் ஒருங்கே செய்துகொண்டிருந்தார்.

அடுத்து நின்றது திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் திருமேனி. சோழர் காலத்துப் படைப்பு. ஒரு பாதி சிவன், ஒரு பாதி உமை என்னும் செய்தியைப் பாட்டிலும் உரையிலும் எத்தனையோ முறை மாணவர்க்கு விளக்கியவன் நான். என் பேத்தியோ விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். “தாத்தா, இந்தச் சாமிக்கு மூன்று கைதான் இருக்கிறது!” என்றாள். உடைந்துபோயிருக்கும் என்று நினைத்து நெருங்கிப் பார்த்தேன். உடையவில்லை. சிவனுக்குரிய வலப்புறத்தில் இரு கைகள்; உமைக்குரிய இடப்புறத்தில் ஒரு கை. ஆடையும் அவ்வாறே இரு பாதியிலும் வேறு வேறு. நூலிற் கற்றதனால் எனக்குத் தெரியும் என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருப்பேன். எட்டு வயதுக் குழந்தை எண்ணியதனால் நின்றேன்.

இவை எவ்வாறு செய்யப்பட்டன என்பதை ஓவிய ஆசிரியர் விளக்கினார். முதலில் மெழுகில் உருவம் செய்வர். அதன்மேல் மென்மையான களிமண்ணைப் பூசி உலர்த்துவர். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே உருவத்தின் வெற்றிடம் நிற்கும். அதனுள் செம்பைப் பெரும்பகுதியாகக் கொண்ட உலோகக் குழம்பை வார்ப்பர். ஆறியபின் மண் அச்சை உடைத்தே திருமேனியை எடுக்க வேண்டும். அச்சு உடைந்துவிடுவதால் ஒன்றைப் போல் மற்றொன்று வாராது. “செய்தவன் பெயரை எங்கேனும் எழுதி வைத்திருக்கிறார்களா, பாருங்கள் புலவரே” என்று அவர் என்னை நோக்கிக் கேட்டார். ஊரின் பெயர் இருந்தது, காலம் இருந்தது, செய்தவன் பெயர் இல்லை.

பின்னர் அமராவதிச் சிற்பங்களைக் கண்டோம. ஆந்திர நாட்டுப் பௌத்தத் தூபி ஒன்றை அணிசெய்த கற்கள் அவை. அவற்றுள் வட்ட வடிவான ஒரு கல்லில், மதம்கொண்ட நளகிரி என்னும் யானையைப் புத்தர் பெருமான் அடக்கிய காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அதில் யானை இருமுறை வருகின்றது. ஒருபால் தெருவில் வெறிகொண்டு மக்களைச் சிதறடிக்கின்றது. மற்றொருபால் அதே யானை புத்தர் திருவடியில் தாழ்ந்து கிடக்கின்றது. மேலே மாடங்களிலிருந்து மக்கள் எட்டிப் பார்க்கின்றனர். இரண்டு யானைகள் என்று வாதாடிய பேரனுக்கு, ஒரு யானையின் இரு பொழுதுகள் என்பதைப் பேத்தி விளக்கினாள். நாங்கள் மூவரும் வாய் திறக்கவில்லை.

இறுதியாகப் பண்டை ஈமப் பொருள்கள் உள்ள பகுதி. அங்கே முதுமக்கள் தாழியைப் பார்த்தேன். கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யும்படி குயவனை வேண்டும் புறநானூற்றுப் பாட்டை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கின்றேன். தாழி என்றால் பெரிய பானை என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுவேன். அன்றுதான் அதன் வாய் அகலத்தையும் வயிற்றின் பருமையையும் நேரிற் கண்டேன். அவள் கேட்டது எத்துணைப் பெரிய வேண்டுகோள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. என் பழைய மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் இருந்தது.

நண்பகல் ஆயிற்று. அருகில் இருந்த ஓர் உணவுச்சாலையில் நுழைந்தோம். பரிமாறுபவர் வந்து நின்று, உள்ள பண்டங்களின் பெயர்களை எல்லாம் மூச்சு விடாமல் அடுக்கினார். நிகண்டை மனப்பாடம் செய்த மாணவன் ஒப்புவிப்பது போல் இருந்தது. இலையின் நுனி இடப்புறம் வரவேண்டும் என்று என் தமக்கையார் பேரனுக்குத் திருத்தம் சொன்னார். உண்டு முடித்ததும் காப்பி வந்தது. ஓவிய ஆசிரியர் டபராவில் இருந்த குவளையைக் கையில் எடுத்துச் சற்று நேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் தந்தையார் மிருதங்கம் செய்பவர்” என்று மெல்லத் தொடங்கினார். “நகரத்து வித்துவான்கள் அவரிடம்தான் வாத்தியத்திற்குத் தோல் போடுவார்கள். வாத்தியத்தைத் தோளில் சுமந்துகொண்டு வருவார். காப்பிக் கடையில் அவருக்கு உள்ளே இடமில்லை. வெளியே நின்றால் தனிக் குவளையில் ஊற்றுவார்கள். குடித்தபின் அதை அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். தாம் செய்த மிருதங்கம் கச்சேரியில் ஒலிப்பதைக் கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு ஊர் திரும்புவார்.”

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் அமர்ந்து உண்டவர்கள் நாங்கள். இதனை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மாணவர்களே! 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பன காரணமாக எவரையும் விலக்கலாகாத இடங்கள் இவை என்று அது பெயர் சொல்லிக் கூறுகின்றது: கடைகள், உணவுச்சாலைகள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள். கிணறும் குளமும் சாலையும் அதன்பின் வருகின்றன. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் காப்பிக் கடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் என்ன வேலை என்று நான் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. சட்டம் எழுதியவுடன் வழக்கம் மாறிவிடவும் இல்லை. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், ஓர் உணவுச்சாலையின் பெயர்ப்பலகையிலிருந்து சாதிப் பெயரை நீக்கக் கோரிப் பெரியார் ஈ.வெ.ரா. கிளர்ச்சி நடத்தினார். அது பல மாதங்கள் நீடித்தது. பலர் சிறை சென்றனர். அதன்பின்னரே பலகை மாறிற்று.

மாலையில் இசை கேட்கச் சென்றோம். சென்னையின் மார்கழி இசை விழாவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1927இல் காங்கிரசு மாநாட்டை ஒட்டி நடைபெற்ற இசை மாநாட்டின் பயனாக, 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றிற்று. தமிழ்ப் பாட்டிற்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்று எழுந்த இயக்கத்தினால் 1943இல் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. இன்று மார்கழியில் நகரெங்கும் பற்பல சபைகள் அரங்குகளை நடத்துகின்றன. 2017இல் யுனெசுகோ நிறுவனம் சென்னையை இசைக்குரிய படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாக ஏற்றது. கட்டணம் கண்டு அஞ்ச வேண்டா. பிற்பகலில் இளங்கலைஞர் பாடும் அரங்குகள் பலவற்றில் கட்டணமே இல்லை. கூட்டமும் குறைவு, முன் வரிசையிலேயே அமரலாம்.

இசையறியாதவர் எவ்வாறு கேட்பது என்று தயங்க வேண்டுவதில்லை. தாளத்தைப் பற்றிக்கொண்டால் போதும். ஆதி தாளத்திற்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பின்பு தட்டும் வீச்சும், மீண்டும் தட்டும் வீச்சும். இதனை என் பேத்தி பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மையாரின் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பேரனின் கண் மிருதங்கத்தின் மேல் இருந்தது. அதனை வாசிப்பவர் தொடங்குமுன் இடப்பக்கத் தோலின் நடுவில் ஈரமான எதனையோ அப்பினார். “அது என்ன?” என்றான். “ரவையை நீர் விட்டுப் பிசைந்தது. அதனால்தான் இடந்தலை ஆழ்ந்து ஒலிக்கும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வலந்தலையில் கறுப்பாக இருப்பது நிலையானது, உடல் பலாமரம், இழுத்துக் கட்டிய வார் எருமைத் தோல்” என்று ஓவிய ஆசிரியர் சொல்லிக்கொண்டே போனார். “உப்புமா கிண்டும் ரவையா?” என்று பேரன் கேட்டான். ஆம் என்றதும் அவனுக்கு இசையின்மேல் மதிப்பு உயர்ந்துவிட்டது.

பெரிய உருப்படி முடிந்து தனி ஆவர்த்தனம் தொடங்கிற்று. பாட்டு நின்று, மிருதங்கம் தன் முழுத் திறத்தையும் காட்டும் வேளை அது. அவ்வேளையில் அரங்கில் ஒரு சலசலப்பு உண்டாகும். பலர் எழுந்து சிற்றுண்டிச்சாலையை நோக்கி விரைவர். சபைச் சிற்றுண்டி சுவை மிக்கதுதான், மறுக்கவில்லை. ஆயினும் மிருதங்கத்தார் செய்த குற்றம் யாதோ, அறியேன். என் தமக்கையாரும் பையை எடுத்துக்கொண்டு எழ முற்பட்டார். ஓவிய ஆசிரியர் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார். “நல்ல கைவேலை” என்று ஒருமுறை கூறினார். வாசித்தவரைச் சொன்னாரா, வாத்தியம் செய்தவரைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. தமக்கையார் பையைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் அமர்ந்தார்.

இறுதி மங்களம் வரை இருந்துவிட்டு நாங்கள் சிற்றுண்டிச்சாலைக்குச் சென்றபோது, வாழைப்பூ வடையும் அசோகாவும் தீர்ந்துவிட்டன. எஞ்சியிருந்தது ரவை உப்புமா ஒன்றே. பேரன் அதனைக் கையில் எடுத்து மிருதங்கக்காரர் போல இலையின் நடுவில் அப்பிக் காட்டினான். ஓவிய ஆசிரியர் அன்று முழுவதும் சிரித்திராத அளவிற்குச் சிரித்தார். திமிங்கிலத்தைப் பார்க்க அடுத்த முறை அவரே அழைத்துச் செல்வதாகப் பேரனுக்கு வாக்களித்திருக்கின்றார். நீங்களும் செல்வதாயின், அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை முன்னரே கேட்டறிந்து செல்லுங்கள்.