இரட்டைக் குழிக் கழிவறையும் அன்றாடத் தூய்மையும்

பாதாளச் சாக்கடை எட்டாத ஊரகங்களுக்கு, கொல்லிமலையின் திருப்புலி நாடு போன்ற மலைப்பகுதிகள் உட்பட, 2014 அக்டோபர் 2-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் இரட்டைக் குழிக் கழிவறையைப் பரிந்துரைத்தது. அதாவது, ஒரு குழி நிறைந்ததும் கழிவை மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டு, முதற்குழியில் உள்ளதை நுண்ணுயிர்கள் மட்கச்செய்து எருவாக்கும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மூடிவைக்கும் அமைப்பு இது.

இத்தகைய கழிவறையில் ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரையோ அளவின்றிக் கொட்டினால், மட்கச்செய்யும் நுண்ணுயிர்களே மடிந்துவிடும். அவ்விரண்டும் ஒன்றுகலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வெளியேறும் என்பதால், அவற்றை ஒருபோதும் சேர்க்கலாகாது. பயன்படுத்துவதற்கு முன் கோப்பையைச் சிறிது நீரால் நனைத்துவிட்டால் கழிவு எளிதில் ஒட்டாது; பிறகு நாள்தோறும் பிரஷ்ஷால் ஒருமுறை தேய்த்தாலே கறை படிவது பெரிதும் குறையும்.

பனியும் மழையும் மிகுந்த மலையில் குளியலறைத் தரை உலர நேரமாவதால், குளித்து முடித்ததும் தேங்கிய நீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டுச் சன்னலைத் திறந்துவைப்பது பாசி படர்வதைத் தடுக்கும். வாரம் ஒருமுறை சோப்புத்தூள் தூவி அழுத்தித் தேய்த்தால், தரையின் மூலைகளிலும் வாளியின் அடியிலும் படிந்த வழுவழுப்பும் அகலும்.