ஊசி பட்ட முகமும் ராயபுரத்து வெயிலும்

பருத்தழும்புக்கான மைக்ரோநீட்லிங் முடிந்து கிளம்பும்போது க்ளினிக்கில் ஒரு தாள் கொடுப்பார்கள். வெயிலில் போகாதீர்கள், வியர்க்க விடாதீர்கள், தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருக்கும். மூன்றும் சரியான அறிவுரைகள்தான். ஆனால் வடசென்னையின் ராயபுரத்திலோ காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ குடியிருந்து, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலை வழியே தினமும் வேலைக்குப் போகிறவர், இந்த மூன்றில் ஒன்றையாவது எப்படிக் கடைப்பிடிப்பார்? ஏசி அறையிலிருந்து ஏசி காருக்குப் போகிறவரை நினைத்து எழுதிய தாள் அது. பருத்தழும்பு அப்படி ஆள் பார்த்து வருவதில்லை. ஊசி குத்துவது சிகிச்சையின் முதல் பாதி மட்டுமே. மறுபாதி நம் தெருவில், நம் வேலையிடத்தில், நம் வீட்டுக் குளியலறையில் நடக்கிறது. ஆகவே பின்பராமரிப்பை ஊசி குத்திய பிறகு யோசிக்கக் கூடாது. நாள் குறிக்கும்போதே, செய்துகொள்பவரின் ஊரையும் தொழிலையும் வைத்துத் திட்டமிட வேண்டும்.

மைக்ரோநீட்லிங்கை மருத்துவம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மெல்லிய ஊசிகள் பதித்த உருளையையோ பேனா போன்ற கருவியையோ முகத்தில் ஓட்டி, தோலில் ஆயிரக்கணக்கான நுண்துளைகளை இடுகிறார்கள். காயம் பட்டதாக உணரும் தோல், அதை ஆற்றும் வேலையில் புதிய கொலாஜனை உருவாக்குகிறது. குழிவிழுந்த தழும்பு அதனால் மெல்ல மேடேறுகிறது. ஸ்ரீநகரில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், சிகிச்சையை முழுதாக முடித்த 36 பேரில் 34 பேருக்குத் தழும்பின் தீவிரம் ஒன்றிரண்டு படிகள் குறைந்திருந்தது. சண்டிகரில் 36 பேரிடம் செய்து 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஆசியத் தோலுக்கு இது பலன் தரும், செலவும் குறைந்த முறை என்றது. அதே ஆய்வு மறைக்காமல் சொன்ன இன்னொரு செய்தி நமக்கு முக்கியம்: ஐந்து பேருக்கு ஊசி பட்ட இடம் கறுத்தது, இரண்டு பேருக்குத் தண்டவாளம் போலப் புதிய தழும்புக் கோடுகள் விழுந்தன. தழும்பைப் போக்க வந்தவர் கருமையோடு திரும்பும் வாய்ப்பு சிறியதாக இருக்கலாம், இல்லாமல் இல்லை.

கறுப்பதற்குக் காரணம் நம் தோலின் குறை அல்ல, அதன் திறமை. மெலனின் அதிகமுள்ள தோல், எந்த வீக்கத்துக்கும் நிறமியைக் கூட்டிப் பதில் சொல்லும். கொசு கடித்த இடம் நம்மில் பலருக்கு மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பது அதனால்தான். ஊசி பட்ட முகமும் அப்படி வீங்கிச் சிவந்திருக்கிறது. அதன்மேல் வெயில் விழுந்தால் நிறமிச் செல்களுக்கு இரட்டைத் தூண்டுதல். சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 13 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி நண்பகலில் இங்கே புற ஊதாக் கதிர்வீச்சு ‘மிக அதிகம்’ என்ற அளவிலோ அதற்கு மேலோதான் இருக்கும். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலைக் கறுக்க வைக்கிறது. அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீன் உதவும். புகையையும் விட்டுவிட முடியாது. ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியையும் அதையடுத்த கிராமப்பகுதியையும் சேர்ந்த 400 முதிய பெண்களின் முகங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவுகளில், வாகனப் புகைக்கரி மிகுந்த இடங்களில் வாழ்ந்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் கூடுதலாக இருந்தன. வடசென்னைக்கு அந்தப் படம் அந்நியமானதல்ல. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் கையாள்வது நின்றது, நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரத்தின் மாடிகளில் கரித்தூசு குறைந்தது. ஆனால் லாரிப் புகை இங்கேயே இருக்கிறது, சுமை எண்ணூர்க்காரர்கள் தலையில் ஏறியது. இதையெல்லாம் கணக்கில் எடுக்காத பின்பராமரிப்பு அரைகுறையானது.

நுண்துளைகள் சில மணி நேரத்தில் மூடிவிடுகின்றனவே, இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனிதத் தோலில் மிகச் சிறிய ஊசிகளை வைத்து நடத்தி 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், காற்றுப்படத் திறந்துவிட்ட தோல் இரண்டு மணி நேரத்துக்குள் மூடிக்கொண்டது. மேலே இறுக மூடி வைத்த தோலுக்கோ 3 முதல் 40 மணி நேரம்வரை பிடித்தது. தழும்புக்குப் பயன்படுத்தும் ஊசி இன்னும் நீளமானது என்பதால் அதே கணக்கை அப்படியே பொருத்த முடியாது. போக்கு மட்டும் தெளிவு. வியர்வையில் நனைந்து முகத்தோடு ஒட்டும் இறுக்கமான மாஸ்க்கும், கன்னத்தை அழுத்தும் முழு ஹெல்மெட்டும் அந்த முதல் நாளில் வேண்டாதவை. இன்னொன்று, துளை மூடுவது வேறு, வீக்கம் அடங்குவது வேறு. சிவப்பு இரண்டு மூன்று நாள் நிற்கும். நிறமி விழித்திருக்கும் காலம் அதைவிட நீளம். கதவு சாத்தியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் நாலாம் நாள் உச்சிவெயிலில் எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கக் கிளம்புகிறார்கள்.

அந்தக் கதவு திறந்திருக்கும்போது உள்ளே எதை அனுப்புகிறோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நலமான தோலின் மேலடுக்கு ஒரு காவல். ஊசி அந்தக் காவலைத் தாண்டிப் பாதை போடுகிறது. அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 2014-இல் மூன்று பெண்களைப் பற்றி எழுதியது. மைக்ரோநீட்லிங்குக்குப் பின் மூவர் முகத்திலும் கட்டிகள் எழும்பின. அவர்களில் இருவருக்கு, ஊசியோடு சேர்த்துப் பூசிய வைட்டமின் சி சீரமே ஒவ்வாமை தந்தது சோதனையில் தெரிந்தது. கடையில் விற்கும், பலரும் நல்லது என்று நம்பும் பொருள்தான் அது. பாட்டி காலத்திலிருந்து பூசும் கஸ்தூரி மஞ்சளும் கற்றாழையும் கெடுதலா என்பார்கள். பாட்டி பூசியது துளையிடாத தோலில். எங்கே அரைத்தது, என்ன கலந்தது என்று தெரியாத மஞ்சள்தூளை அப்போது காவலாளி வாசலிலேயே நிறுத்திவிடுவான். ஊசி பட்ட முகத்தில் நிறுத்த ஆளில்லை. எலுமிச்சை, பயத்தமாவு, ஸ்க்ரப், ரெட்டினால் எதுவும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். ப்ளீச், த்ரெடிங், ஃபேஷியல் எல்லாம் டாக்டர் சொன்ன பிறகு. இவற்றைவிட ஆபத்தானது, சிவப்பழகுக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீம். மருத்துவர் சீட்டில்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு கட்டுப்படுத்தியும் பழக்கம் விடவில்லை. ஆறுகிற காயத்தில் அதைத் தடவினால் கொலாஜன் உருவாவதே தடைபடும். காசு கொடுத்து வாங்கிய சிகிச்சையை நாமே அழிப்பதாகும். முதல் நாளுக்குத் தேவை சுத்தமான தண்ணீரும், வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசரும்தான். டேங்கர் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கும் வீடுகளில், முகத்துக்கு மட்டும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்தால் கூலி யார் தருவார்கள் என்பதுதான் இருப்பதிலேயே கனமான மறுப்பு. ‘அப்படியானால் செய்துகொள்ளாதீர்கள்’ என்று பதில் சொல்வது அநியாயம். வாழ்க்கைக்கேற்ப நாளை மாற்றலாம். சனிக்கிழமை மாலையில் செய்துகொண்டால் துளைகள் இரவில் மூடும், ஞாயிறு முழுதும் ஓய்வு கிடைக்கும், திங்கள் வேலைக்குப் போகும்போது சன்ஸ்கிரீன் தாங்கும் நிலைக்குத் தோல் வந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தை விட்டு மார்கழி, தை பார்த்துத் தொடங்கலாம். அடுத்தடுத்த அமர்வுகளுக்கு நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி என்பதால் திட்டமிட நேரம் உண்டு. சன்ஸ்கிரீன் விலை கட்டாது என்றால் குடை இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். துவைத்த பருத்தித் துப்பட்டாவைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம், தினமும் மாற்ற வேண்டும். கன்டெய்னர் யார்டில் ஹெல்மெட் கட்டாயம் என்றால் அதைக் கழற்றச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. உள்பட்டையைத் துடைத்துச் சுத்தமாக வைக்கலாம், முடிந்தால் அந்த இரண்டு நாள் நிழல் வேலையாகக் கேட்டு வாங்கலாம். மீன் வறுக்கும் அடுப்படி வெக்கையும் ஆறாத முகத்துக்கு ஆகாது. அந்த வேலையை வீட்டில் வேறொருவர் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளட்டும்.

செலவைக் குறைக்க ஆன்லைனில் ரோலர் வாங்கி வீட்டிலேயே உருட்டுவதையும், அக்கா தங்கை ஒரே ரோலரைப் பகிர்வதையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. இரத்தம் பட்ட ஊசி அது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஒரு ஸ்பாவில், சொந்த இரத்தக்கூறை ஊசித்துளைகளில் பூசும் ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-இல் அறிவித்தது. உறையைக் கண்முன் பிரித்துப் புதிய ஊசியை மாட்டாத இடத்தில் உட்காராதீர்கள்.

மூன்றாம் நாளுக்குப் பின்னும் சிவப்பு கூடினால், சீழ் கட்டினால், உதட்டோரம் கொப்புளம் கிளம்பினால், காய்ச்சல் வந்தால், பார்லருக்கோ மருந்துக்கடைக்கோ போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள். உதட்டில் அடிக்கடி அக்கி வருகிறவர்கள் சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். டாக்டரிடம் என்ன பூசினீர்கள், எங்கே செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பூசிய டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். ராயபுரத்துக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவும் இருக்கிறது.