சிரட்டையும் புளியங்கொட்டையும்

பாலர் வகுப்பு ஆசிரியன் என்று சொல்லிக்கொள்வதில் நம்மவருக்கு ஒரு கூச்சம் உண்டு. "எந்த வகுப்புக்குப் படிப்பிக்கின்றீர்?" என்று கேட்பவரிடம் "அரிவரி" என்று விடை பகர்ந்தால், கேட்டவர் முகத்தில் ஓர் இரக்கப் புன்னகை தோன்றும். மேல்வகுப்புகளில் அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் கற்பிப்பவரே கணித ஆசிரியர்; ஒன்று, இரண்டு சொல்லிக் கொடுப்பதற்கு எவரும் போதும் என்பது ஊரவர் எண்ணம். முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த வேலையையே செய்து ஓய்வுபெற்ற எனக்கும் தொடக்கத்தில் அதே எண்ணந்தான் இருந்தது. அது தவறென்று எனக்கு உணர்த்தியவன் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன். அதை உணர்வதற்கு முன்பு அவன் உள்ளங்கையில் நான் பிரம்பால் அடித்துவிட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன்.

1976 ஆம் ஆண்டு. வடமராட்சியில் ஒரு சிறு பாடசாலை. ஓலைக் கொட்டகை, மணல் முற்றம், அரிவரியில் இருபத்தாறு பிள்ளைகள். காலைதோறும் அவர்கள் ஒன்று முதல் நூறு வரை இராகமிழுத்து ஒப்புவிப்பார்கள். வீதியால் போவோர் வேலியோரம் நின்று கேட்டுவிட்டுப் போவதுண்டு. எனக்கும் அதில் பெருமைதான்.

ஒருநாள், அவர்களுள் மிகக் கெட்டிக்காரியெனப் பெயர்பெற்ற சிறுமியிடம், "பிள்ளை, முற்றத்திலை ஏழு கல்லுப் பொறுக்கிக்கொண்டு வா" என்றேன். அவள் ஓடிப்போய், கை நிறைய அள்ளிவந்து மேசையில் கொட்டினாள். எண்ணச் சொன்னேன். விரல் ஒரு வேகத்திலும் வாய் வேறொரு வேகத்திலும் சென்றன. விரல் கடைசிக் கல்லைத் தொட்டபோது வாய் பன்னிரண்டுக்குப் போய்விட்டது. அங்கே கிடந்தவை ஒன்பது கற்கள். "அப்ப எத்தினை கல்லு?" என்று கேட்டதும், அவள் விடை கூறாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து பாடத் தொடங்கினாள். நூறு வரை அவள் சொல்லிவந்தது எண்ணல்ல, ஒரு பாட்டு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மனம் கலங்கி, எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அழைத்துக் கல்லெண்ணச் செய்தேன். அந்தச் சிறுவனின் முறை வந்தது. முதற்கல்லைத் தனியே எடுத்துவைத்து, "லாபம்" என்றான். பின்பு "இரண்டு, மூன்று" என்று தொடர்ந்தான். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஏற்கெனவே எரிச்சலில் இருந்த நான், இவன் என்னைப் பரிகசிக்கின்றான் என்று நினைத்தேன். மறுபடி எண்ணச் சொன்னேன். மறுபடியும் "லாபம்". பிரம்பை எடுத்துவிட்டேன். கண்ணீரோடு மூன்றாம் முறை எண்ணியபோதும் அவன் வாயில் அதே சொல்லே வந்தது.

மறுநாட் காலை அவனுடைய பாட்டனார் வந்தார். தோட்டக்காரர், தோளிலே துண்டு. கோபத்தோடு வரவில்லை. திண்ணையோரம் நின்று கேட்டார்.

"வாத்தியார், பொடியன் எண்ணினதிலை கல்லுக் கூடினதோ, குறைஞ்சதோ?"

எனக்கு விடை தெரியவில்லை. நான் கற்களைப் பார்க்கவேயில்லை. சொல்லை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நெல்லளக்கேக்கை முதற்கொத்தை ஒண்டெண்டு சொல்லப்படாது. லாபமெண்டுதான் சொல்லுறது. என்னோடை இருந்து, கொத்துக்கு ஒரு ஈர்க்கு முறிச்சு வைக்கிறவன் அவன்தான். அதுதான் அப்பிடிச் சொல்லிப்போட்டான்."

இவ்வழக்கத்தை நான் அறியாதவனல்லன். நம் நாட்டிலும் தமிழகத்திலும் தானியம் அளப்போர் முதலளவை மங்கலமாகத் தொடங்க இப்படிச் சொல்வது பழைய முறை. என் வீட்டு முற்றத்தில் நூறு முறை கேட்டிருக்கின்றேன். ஆயினும் பாடசாலை வாயிலைக் கடந்ததும் அதை மறந்துபோனேன். முதியவர் போனபின் சிறுவனை அழைத்து, என் கண்முன்னே மீண்டும் எண்ண வைத்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு கல். எண்ணியதை ஒரு பக்கம், எண்ணாததை மறுபக்கம் ஒதுக்கினான். முடிவில் "பதினாலு" என்று நிறுத்தினான். பதினான்குதான். அந்த வகுப்பில் எண்ணத் தெரிந்த பிள்ளை அவன் ஒருவனே. மாணவனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அக்கால ஆசிரியரிடம் இல்லை. நானும் கேட்கவில்லை.

பல ஆண்டுகளின் பின், ரோச்செல் கெல்மன், சார்ள்ஸ் கலிஸ்ரல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர் 1978 இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலைப் பற்றிப் படித்தேன். எண்ணுதலுக்கு அவர்கள் கூறும் இலக்கணம் அந்த மணல் முற்றத்தில் நான் கண்டதுதான். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் வழங்கவேண்டும். பெயர்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன பெயரே முழுத் தொகை. எண்ணப்படுவது எதுவாகவும் இருக்கலாம். எங்கிருந்து தொடங்கினாலும் தொகை மாறாது. பெயர் எதுவாயிருப்பினும் வரிசை நிலைத்தால் போதுமென்பதற்கு, தமக்கே உரிய பெயர்வரிசையை வைத்து எண்ணிய குழந்தைகளையும் அவர்கள் காட்டுகின்றனர். "லாபம், இரண்டு" என்று எண்ணிய என் மாணவன் அவர்களிடம் சென்றிருந்தால் அடி வாங்கியிருக்க மாட்டான்.

அடுத்த வாரமே இராகப் பாட்டை நிறுத்தினேன். பயிற்சிக் கலாசாலையில் மொன்ரிசோரி அம்மையாரைப் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். 1907 இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அந்த வைத்தியர், 1939 இல் சென்னைக்கு வந்து, 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்திச் சென்றவர். பத்து மணிகள் கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனம் என்று பொன்னிற மணிகளால் அவர் செய்த கருவிகள் பெயர்பெற்றவை. பொன்மணிக்கு நாங்கள் எங்கே போவது? பிள்ளைகளிடம் பழைய சிரட்டைகளும் புளியங்கொட்டைகளும் கொண்டுவரச் சொன்னேன். (பார்வைக்கு அழகென்று குண்டுமணியை எவரும் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம், அது நஞ்சு. புளியங்கொட்டையும் ஒருமுறை ஒரு பிள்ளையின் மூக்கில் புகுந்து, எங்களை ஆஸ்பத்திரி வரை ஓடவைத்தது. அன்றுமுதல் சின்னஞ்சிறியவர்களுக்கு இலுப்பைக் கொட்டை.)

அம்மையாரின் கதிர்ப்பெட்டியை நான் இப்படி அமைத்துக்கொண்டேன். பத்துச் சிரட்டைகளை வரிசையில் வைத்து, சுழியம் முதல் ஒன்பது வரை கரியால் இலக்கம் எழுதினேன். பிள்ளையிடம் நாற்பத்தைந்து கொட்டைகளைக் கொடுத்து, இலக்கத்துக்குத் தக்கபடி இடச்சொல்வேன். ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் நாற்பத்தைந்து. ஆதலால் கடைசிச் சிரட்டைக்குக் கொட்டை போதாவிட்டாலும், கையில் ஒன்று மிஞ்சினாலும், எங்கோ பிழை நேர்ந்தது என்பதைப் பிள்ளையே அறிந்துகொள்ளும். ஆசிரியன் வாய்திறக்க வேண்டியதில்லை, பிரம்புக்கும் வேலையில்லை. இம்முறையின் சிறப்பு இதுவே என்பது என் அபிப்பிராயம்.

சுழியச் சிரட்டைதான் பெருந்தொல்லை. அது வெறுமையாய்க் கிடப்பதைப் பிள்ளைகளாற் பொறுக்க முடியவில்லை. ஒருத்தி, "அதுக்குப் பாவம்" என்று இரகசியமாக ஒரு கொட்டை போட்டுவிட்டாள். ஒன்றுமில்லாமைக்கும் ஓர் இலக்கமுண்டு என்பதை ஏற்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. பெரியவர்கள் சிரிக்கவேண்டாம். நம் பழைய ஏடுகளில் இருபதை எழுதியவர்கள் சுழி இடவில்லை. இரண்டின் குறியையும் பத்தின் குறியையும் அடுத்தடுத்து எழுதினார்கள்.

அந்தப் பழைய முறையே பத்தைக் கற்பிக்க எனக்குக் கைகொடுத்தது. பத்து ஈர்க்குகளைச் சேர்த்து வாழைநாரால் கட்டினால் ஒரு பத்து. இரண்டு கட்டும் மூன்று தனி ஈர்க்கும் இருபத்துமூன்று; தமிழ்ச் சொல்லே அப்படித்தான் பேசுகின்றது. இருபத்துமூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்க வேண்டுமானால் ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். "கடன் வாங்குதல்" என்று பின்னாளில் பிள்ளைகள் குழம்புவதை, என் பிள்ளைகள் நார் அவிழ்த்துப் பழகினார்கள்.

ஆனால் தமிழ் ஓரிடத்தில் பிள்ளையைத் தடுக்கி விழுத்துகின்றது. எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்து, அடுத்ததில் தொண்ணூறு என்கின்றோம். தொள்ளாயிரத்திலும் அதே கதை. ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பெயர் தொல்காப்பியத்தில் உண்டென்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன பயன்? நூறு வராமலே நூறு என்ற ஒலி எப்படி வந்ததென்றே அது திகைக்கும்.

முதன்முதலாக நூறு கட்டிய நாள் நன்றாக ஞாபகமிருக்கின்றது. பாயை விரித்துக் கட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தோம். முதற்கட்டை வைக்க அந்தச் சிறுவனையே அழைத்தேன். அவன் என்னையும் மேசையில் கிடந்த பிரம்பையும் மாறிமாறிப் பார்த்தான். நான் பிரம்பை எடுத்துக் கூரை ஓலையில் செருகினேன். "லாபம்" என்றான் மெதுவாக. இருபத்தைந்து வாய்களும் "லாபம்" என்றன. நான் திருத்தவில்லை. ஒன்பதாங் கட்டு வந்ததும், பாட்டிலே கெட்டிக்காரியான அச்சிறுமி எழுந்து, "தொண்ணூறெண்டால் நூறோ, வாத்தியார்?" என்றாள். நான் பேசாமல், ஒன்பது கட்டுகளின் அருகே பத்தாவதற்குரிய வெற்றிடத்தைக் கையால் காட்டினேன். அவள் சிறிது நேரம் பார்த்தாள். "இன்னும் ஒரு கட்டு வரவேணும்" என்றாள். பத்தாங் கட்டை அவளே வைத்தாள். எல்லாவற்றையும் ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டி, பிள்ளைகள் மாறிமாறித் தூக்கிப் பார்த்தார்கள்.

மறுநாள் இரண்டாவது நூறு கட்டத் தொடங்கினோம், ஈர்க்குப் போதவில்லை. அன்று மாலை அம்முதியவர் ஒரு கடகம் நிறைய ஈர்க்கு வார்ந்து கொண்டுவந்து, திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.