மந்தநிலையில் யாருக்குச் செலவு, யாருக்குச் சிக்கனம்?

2019 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் வளர்ச்சி 5 சதவீதமாகச் சரிந்ததாக ஒன்றிய அரசின் புள்ளிவிவரமே அறிவித்தது. கிராமங்களில் வாங்கும் சக்தி குறைந்து, விற்பனை தேங்கியிருந்த காலம் அது. அப்போது அரசு யாருக்குக் கை கொடுத்தது?

செப்டம்பர் 20 அன்று பெருநிறுவனங்களுக்கான அடிப்படை வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று அரசே கணக்கிட்டது. ஐந்து மாதங்களுக்குள் வந்த 2020-21 நிதிநிலை அறிக்கையில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 61,500 கோடி ஒதுக்கப்பட்டது. முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடோ 71,002 கோடி.

இதைப் பொருளாதாரத் திறன் என்று சொல்ல முடியுமா? நிலமற்ற கூலித் தொழிலாளி பெறும் ஊதியம் அந்த வாரமே அரிசிக்கும் மருந்துக்கும் செலவாகி, உள்ளூர்ச் சந்தையில் புழங்குகிறது. வாங்குவோர் இல்லாதபோது, வரிச்சலுகை பெற்ற நிறுவனம் புதிய ஆலை தொடங்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. பெருநிறுவன வரி வசூல் 2018-19இல் 6.63 லட்சம் கோடியிலிருந்து மறு ஆண்டு 5.57 லட்சம் கோடியாகக் குறைந்தது. எதிர்பார்த்த முதலீட்டு எழுச்சி வரவில்லை.

பணமே இல்லை என்பதும் உண்மையன்று. பெருந்தொற்று வந்ததும், 2020 மே மாதத்தில் இதே வேலைத் திட்டத்துக்குக் கூடுதலாக 40,000 கோடி அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டுச் செலவு 1.11 லட்சம் கோடியை எட்டியது. ஆகவே, இல்லாதிருந்தது நிதியன்று, அரசியல் விருப்பமே. தொழிலதிபர் கூட்டமைப்புகளுக்கு நிதியமைச்சகத்தின் கதவு திறந்திருக்கிறது. திட்டத்தின் வேலைநாட்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செய்த பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

இது ஒரு கட்சியின் குறை மட்டுமன்று. பட்டியல் சாதி, பழங்குடியினர் துணைத் திட்டங்களுக்கென 2013 முதல் தனிச் சட்டம் உள்ள கர்நாடகத்தில், 2023இல் அந்நிதியிலிருந்து 11,000 கோடிக்கும் மேற்பட்ட தொகை அரசின் உத்தரவாதத் திட்டங்களுக்குத் திருப்பப்பட்டது. பயனாளிகளில் பட்டியல் சமூகத்தாரும் உள்ளனர் என்பது அரசின் விளக்கம். எல்லோருக்கும் பொதுவான திட்டத்தில் நமக்கு வரவேண்டியது குடியுரிமையால் வருவது. அதற்கு நமக்கெனப் பிரித்து வைத்த நிதியை எடுப்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும்.

சட்டம் நமக்குத் தரும் பிடிமானம் உண்டு. வேலை உறுதிச் சட்டம் 15 நாட்களுக்குள் ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்றது. நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அரசு இக்கடமையிலிருந்து தப்ப முடியாது என்று ஸ்வராஜ் அபியான் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சலுகையைக் குறைக்கலாம், உரிமையைக் குறைக்க அரசு நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டிலும் பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியுள்ளது. கர்நாடக அனுபவம் காட்டுவதுபோல், சட்டம் மட்டும் போதாது. ஒவ்வொரு துறையும் எவ்வளவு ஒதுக்கியது, எவ்வளவு செலவிட்டது, எதற்குத் திருப்பியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். மாணவர்கள் தத்தம் மாவட்டத்தில் இதைத் தொடங்கலாம். கேள்வி கேட்பவர் இல்லாத கணக்கில்தான் சிக்கனத்தின் கத்தி முதலில் விழுகிறது.