சில்லு நிலத்தை விடாதிருக்க

ஏப்ரல் மாதத்து வசந்த காலம் என்றால் நுவரெலியாவில் மோட்டார் ஓட்டப் போட்டிகளும் நினைவுக்கு வரும். மஹகஸ்தோட்டையிலும், எமது நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள ரதல்லையிலும் மலையேற்ற ஓட்டங்கள் நடந்திருக்கின்றன. பணம் படைத்தோரின் விளையாட்டு என்று நாம் ஒதுங்கிக்கொள்வதுண்டு. ஆயினும் மாணவர்கள் தம் கையாலேயே கட்டி ஓட்டும் பந்தயக் கார்களிடமிருந்து, காணியை விட்டு வந்து லொறியையும் லாண்ட்மாஸ்டரையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு.

இந்த மாணவர் போட்டி 1981இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமாகியது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரிலுள்ள கரி மோட்டார் ஓட்டத் தளத்தில் 'ஃபார்முலா பாரத்' என்ற பெயரில் நடத்தப்படுகிறது. எமது நாட்டின் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவரும் இவ்வாறு கார் கட்டி, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் வரை சென்றுள்ளனர். மொத்தப் புள்ளிகள் 1000. வேகத்துக்கு மட்டும் அவை வழங்கப்படுவதில்லை. வடிவமைப்புக்கென்றே 150 புள்ளிகள் உண்டு. அங்கே நடுவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி: "ஏன் இப்படிச் செய்தீர்கள்?"

இக்கேள்விக்கு மாணவர் அதிகம் திணறும் இடங்களில் ஒன்று சஸ்பென்ஷன். குலுக்கலைக் குறைக்கவே ஸ்பிரிங் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. அதன் முதல் வேலை, நான்கு சில்லுகளையும் நிலத்தை விட்டு எழும்பாமல் வைத்திருப்பது. எழும்பிய சில்லு திரும்பவும் மாட்டாது, பிரேக்குக்கு நிற்கவும் மாட்டாது. ஆகவேதான், சாரதி அமர்ந்த நிலையில் சில்லு மேலும் கீழுமாகக் குறைந்தது 50 மில்லிமீற்றர் அசைய வேண்டும் என்று போட்டி விதி கூறுகிறது.

ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்குகின்றன. மேல் கையைச் சற்றுக் குட்டையாக அமைப்பார்கள். வளைவில் கார் சாயும்போது, பாரம் ஏறும் வெளிப்பக்கச் சில்லு அதனோடு சேர்ந்து சாயாமல் வீதியில் நன்கு பதிந்து நிற்பதற்கே இந்த ஏற்பாடு. ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கித் திருப்பித் தள்ளும். அந்தத் துள்ளலை ஷொக் அப்சோபர் அடக்கும். ஒன்று கெட்டால் மற்றதால் பயனில்லை.

இனி நமது லொறிக்கு வருவோம். பாரம் தாங்கவில்லை என்று ஸ்பிரிங் பட்டை ஒன்றை மேலதிகமாகப் போடுகிறோம். பாரத்தை அது தாங்கும். ஆனால் வெறும் லொறி திரும்பி வரும்போது, விறைத்த ஸ்பிரிங் குழியில் வளைந்து கொடுக்காது, சில்லு துள்ளும். இறக்கத்தில் பிரேக் மிதித்தாலும் பிடிப்புக் குறையும். நமது சரிவுகள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை, 2023 ஜனவரி 20ஆம் திகதி ரதல்ல குறுக்கு வீதியில் ஏழு உயிர்களைப் பறித்த விபத்து உணர்த்தியது. அதன் காரணம் எதுவாயினும், இறக்கத்தில் வண்டியை இறுதியில் நிறுத்துவது டயரும் வீதியும் தொடும் அந்தச் சிறு இடமே. விறைத்த ஸ்பிரிங் கரட்டையும் உருளைக்கிழங்கையும் கூட அடிபடச் செய்யும். அடிபட்ட மூட்டைக்குச் சந்தையில் விலை இல்லை.

வண்டி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை சில. வேன், முச்சக்கரவண்டி போன்ற சிறிய வண்டியாயின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஓரிரு முறைக்கு மேல் துள்ளினால் ஷொக் அப்சோபர் பழுது. எந்த வண்டியிலும் அதில் எண்ணெய் கசிகிறதா, டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கிறதா, புஷ் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டை சேர்ப்பதற்கு முன் பாரத்தைக் குறைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

நம் பிள்ளைகளில் பலர் கராஜில் வேலை பழகுகிறார்கள். அது தாழ்ந்த தொழில் அல்ல. முறையாகப் பயின்றால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் பெறலாம். காணியை விட்டு வர நேர்ந்தது. கற்ற தொழிலை எங்கும் கொண்டு செல்லலாம். கழற்றிப் பூட்ட மட்டும் அவர்கள் பழகினால் போதாது. அந்த நடுவர்களைப் போல, "ஏன்?" என்று கேட்கவும் நாம் அவர்களைப் பழக்குவோம்.