நாளை வரும் பேய்

பயத்தை விற்கும் படத்துக்கு அடையாளம் ஒன்றுதான் இருக்க வேண்டும். பெங்களூரின் வாசல் கதவுகள் அதை எப்போதோ எழுதிக் காட்டிவிட்டன.

பேய்ப் படம் எடுக்க வருபவருக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் கிட்டத்தட்ட ஒரு ரெடிமேட் செட். பெங்களூர் கண்டோன்மென்ட் பகுதியில், ஃபிரேசர் டவுனுக்கும் குக் டவுனுக்கும் அருகே அமைந்த குடியிருப்பு அது. சேலம் மாவட்டத்துக்கு 1918-ல் வந்த கெஸட்டியரை எழுதிய ஐ.சி.எஸ். அதிகாரி எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸின் பெயர் அதற்கு. பெரிய மரங்கள், இடிபடாமல் மிஞ்சிய சில ஓட்டு வீடுகள், ஜன்னல்களுக்கு மேல் 'மங்கி டாப்' எனப்படும் கூரான மரச் சட்டங்கள். கேமராவை வைத்தால் போதும், மீதியை இருட்டு பார்த்துக்கொள்ளும்.

ஆனால் பெங்களூரின் மிகப் பிரபலமான பேய்க்கு பங்களா எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கதவும் இரண்டு சொற்களும் போதுமாக இருந்தன. 1990-களில் நகரத்தில் ஒரு வதந்தி பரவியது. இரவில் ஒரு பெண் பேய் வந்து கதவைத் தட்டும். வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்த குரலில் கூப்பிடும். கதவைத் திறந்தால் சாவுதான். தப்பிக்க வழி, வாசலில் கன்னடத்தில் 'நாளெ பா' என்று எழுதி வைப்பது. தமிழில் சொன்னால் 'நாளை வா'. படித்துவிட்டுப் பேய் திரும்பிப் போகும். மறுநாள் வந்தாலும் அதே வாசகம்தான் இருக்கும்.

இந்தப் பேய்க்கு முகம் கிடையாது. எந்த ஓவியனும் அதை வரையவில்லை. எல்லாக் கதவுகளிலும் ஒரே வாசகம் என்பதால் அந்த வாசகமே பேயின் முகமாகிவிட்டது. பேயை நம்பாதவர்கூட எழுத்தைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பேய்ப் பட விளம்பரம் செய்பவர்கள் சாதிக்க நினைப்பதும் இதைத்தான்.

சினிமா இதைப் பிடித்துக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2018 ஆகஸ்ட் 31-ல் வெளியான இந்திப் படம் 'ஸ்த்ரீ', பெங்களூர் வதந்தியை மத்தியப் பிரதேசத்தின் சந்தேரிக்குக் கொண்டுபோனது. சுவர்களில் 'ஓ ஸ்த்ரீ, கல் ஆனா' என்ற வாசகம். 'பெண்ணே, நாளை வா' என்று பொருள். இயக்குனர் அமர் கௌஷிக்குக்குக் கதைக்குள் பயன்பட்ட அதே வாசகம் கதைக்கு வெளியே விளம்பரமாகவும் வேலை செய்தது. படத்தின் முடிவில் அது 'காப்பாற்று' என்று மாறும். 2024-ல் வந்த இரண்டாம் பாகத்துக்கு அதுவே வாசல் திறந்தது. அந்த ஆண்டின் நேரடி இந்திப் படங்களில் வசூலில் முதலிடம் 'ஸ்த்ரீ 2'-க்கு.

முன்பெல்லாம் நிலைமை வேறு. ஒரே படத்துக்கு ஏரியாவுக்கு ஏரியா விநியோகஸ்தர் தன் விருப்பப்படி போஸ்டர் அடிப்பார். பேனர் வரைபவர் தன் கற்பனைக்கு நிறம் தீட்டுவார். நட்சத்திரப் படத்துக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. எந்தக் கோணத்தில் வரைந்தாலும் கதாநாயகன் முகம்தான் அடையாளம். பல பேய்ப் படங்களில் அப்படி விலைபோகும் முகம் இருப்பதில்லை. இருக்கும் ஒரே முகம் பேயினுடையது. அதையும் முதல் போஸ்டரிலேயே காட்டிவிட்டால் தியேட்டரில் காட்ட என்ன மிஞ்சும்? 1972-ன் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' தொடங்கி 1984-ன் 'புரானா மந்திர்' வரை ராம்சே சகோதரர்கள் பேய்ப் படத்தை ஒரு குடும்பத் தொழிலாகவே நடத்தினார்கள். ரசிகன் மனதில் நின்ற பிராண்டு 'ராம்சே'தான், தனிப்பட்ட படமல்ல.

ஹாலிவுட் இதில் கஞ்சத்தனத்தைக் கற்றுக்கொண்டது. 1973-ல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்துக்கு பில் கோல்டு வடிவமைத்த போஸ்டரில் பேய் பிடித்த சிறுமி இல்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில், தொப்பியும் பெட்டியுமாக ஒரு வீட்டின் முன் நிற்கும் மனிதர் மட்டுமே. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் படத்தைச் சொன்னால் நினைவுக்கு வருவது அந்த நிழல்தான். 1999-ல் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' குச்சிகளைக் கட்டிய ஒரு மனித உருவையும் 'காணவில்லை' நோட்டீஸ்களையும் நம்பியது. சுமார் 60,000 டாலரில் படம் பிடிக்கப்பட்ட அது, உலகெங்கும் ஏறத்தாழ 24.8 கோடி டாலர் வசூலித்தது. சூனியக்காரி கடைசிவரை திரையில் தோன்றவே இல்லை.

தென்னிந்தியாவில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். ஒரே படம் பல மொழிகளில் வர வேண்டும். 2009-ல் விக்ரம் குமார் இரு மொழிகளில் எடுத்த படம் தமிழில் 'யாவரும் நலம்', இந்தியில் '13பி'. ஒன்று தொலைக்காட்சித் தொடரின் பெயர், மற்றது வீட்டு எண். இரண்டும் கதையில் உள்ளவைதான். ஆனால் தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே படம் என்று தெரிய வழியில்லை.

2024-ல் மம்மூட்டி நடித்த 'பிரமயுகம்' வேறு வழி கண்டது. ஐந்து மொழிகளில் அறிவிக்கப்பட்ட அந்த மலையாளப் படத்தை இயக்குனர் ராகுல் சதாசிவன் முழுக்க கறுப்பு வெள்ளையில் எடுத்தார். டிரைலரும் கறுப்பு வெள்ளைதான். தயாரிப்பாளருக்கு இது சூதாட்டம். வண்ணத்துக்குப் பழகிய ரசிகன் டிக்கெட் வாங்குவானா? வண்ண போஸ்டர் ஒட்டி ஆளை உள்ளே இழுத்திருந்தால் முதல் காட்சியிலேயே ஏமாந்ததாக நினைத்திருப்பான். உள்ளதை முன்கூட்டியே சொன்னதால் குறையே கவர்ச்சியாயிற்று.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை, பிடிவாதம் வேண்டும். முதல் போஸ்டருக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை சிலதான்: இரண்டு நிறம், ஒரு பொருள், தலைப்புக்கு ஒரு எழுத்து வடிவம், எதைக் காட்டக் கூடாது என்ற பட்டியல். எழுத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கன்னடத்தின் வளைவுக்குப் பொருந்தும் கீறல் தமிழின் நேர்கோட்டில் பொருந்தாது. நகல் எடுக்காமல், அதே மனநிலையில் ஒவ்வொரு மொழியிலும் புதிதாக வரைய வேண்டும். பிறகு வரும் சோதனை, பிறந்தநாள் வாழ்த்து போஸ்டர். மாதக்கணக்கில் கட்டிய இருட்டில் கதாநாயகன் திடீரென்று பல் தெரியச் சிரிப்பார். பயம் அங்கேயே செத்துவிடும்.

இன்று பிடிவாதத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிரான கர்நாடகச் சட்டம் 1981-லேயே வந்தது. 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு மாநகராட்சி பெங்களூரின் பிளெக்ஸ் பேனர்களை அவசரமாகக் கிழித்து இறக்கியது. சுவரில் எழுதப்பட்ட வாசகத்தைப் பற்றிய 'ஸ்த்ரீ' திரைக்கு வந்ததும் அதே மாதத்தில்தான். ரிச்சர்ட்ஸ் டவுன்வாசி இப்போது போஸ்டரைப் பெரும்பாலும் பார்ப்பது செல்போனில், கட்டைவிரல் அளவில். அந்த அளவில் பத்து முகங்கள் தெரியாது. இரண்டு சொல் தெரியும்.

பேய்க்குப் படிக்கத் தெரியும் என்று பெங்களூர் நம்பியது. ரசிகனுக்கும் தெரியும் என்று தயாரிப்பாளர்கள் நம்பினால் போதும்.